பிரேக் பிடிக்கவில்லை

என் அன்புக்கும் சண்டைக்கும் உரிய அண்ணன் ஏழுமலைக்கு,

உன் ராட்டினம் நிற்கிறது. இப்படி எழுதியதும் என் பேனா தயங்குகிறது. நிற்கிறது என்றால் இடிபடாமல் இருக்கிறது என்றும் கொள்ளலாம், ஓடாமல் கிடக்கிறது என்றும் கொள்ளலாம். ஒரே ஒரு வினைச்சொல்லோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவன் நான். ஆகவே ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதுகிறேன். போலாரம் சாலைப் பூங்காவின் ஜெயன்ட் வீலை இறக்கும் முடிவு கைவிடப்பட்டது. போன ஞாயிற்றுக்கிழமை முதல் அது மறுபடியும் சுற்றுகிறது. ஜெயித்துவிட்டோம், அண்ணா.

இந்தக் கடிதத்தைப் பலரும் படிக்கும்படி வெளியிடச் சொல்லியிருக்கிறேன். உனக்குப் பிடிக்காது என்று தெரியும். வீட்டு விஷயத்தை வாசலில் பேசாதே என்பவன் நீ. ஆனால் உன் மீதான பழி பூங்காவின் வாசல் பலகையில்தான் ஒட்டப்பட்டது. அதை ஊர் படித்தது. இதையும் ஊர் படிக்கட்டும்.

நீ போன பிறகு நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். பூங்காவைப் புதிய நிர்வாகம் எடுத்துக்கொண்டது. சனிக்கிழமைகளில் கச்சிபௌலியிலிருந்து ஐடி கம்பெனிப் பேருந்துகள் வருகின்றன. கழுத்தில் அடையாள அட்டையைக் கழற்ற மறந்த பிள்ளைகள் கூட்டமாக இறங்குகிறார்கள். தெலுங்கு ஊரானாலும் அவர்களில் பாதிப் பேர் தமிழ்ப் பிள்ளைகள். திருச்சி, மதுரை, கோயம்புத்தூர். அவர்கள் ராட்டினத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதன் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு, சாப்பிடப் போய்விடுகிறார்கள். இது உண்மை. பிறகு நடந்த கருத்துக் கேட்கும் கூட்டத்திலும் நான் இதை மறுக்கவில்லை.

அவர்களுக்காக ஒரு டவர் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். இடுப்பைக் கட்டி உட்காரவைத்து, பத்து மாடி உயரத்துக்கு ஏற்றி, ஒரே நொடியில் கீழே விடுவார்களாம். அதற்குப் பொருத்தமான இடம் உன் ராட்டினம் நிற்கும் மேட்டு நிலம்தான் என்று முடிவாயிற்று.

இதுவரை நடந்ததில் குற்றம் ஒன்றும் இல்லை. பழையதை எடுத்துப் புதியதை வைப்பது பூங்காக்காரர்களின் தொழில். அந்த இடத்தில் ராட்டினம் வருவதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதை நான் மறக்கவில்லை. சிறிய குளமும் அன்னப்பறவை வடிவப் படகுகளும் இருந்தன. என் கல்யாணமான புதிதில் நானும் என் மனைவியும் ஏறிய படகுகள். குளத்தை மண்கொட்டி மூடி மேடாக்கிவிட்டார்கள் என்று நான் வந்து புலம்பியபோது, அன்று ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நீ சிரித்தாய்.

“அந்தத் தண்ணி நாறுது. கொசு முட்ட போடுது. அதுக்கு இன்னாத்துக்குடா அழுவுற?” என்றாய். “நாங்க ஒர்க்‌ஷாப்புல எத்தினி எஞ்சின வெட்டிப் போட்டிருக்கோம் தெரியுமா? தேஞ்சதுன்னா வெட்டணும். தேயலன்னா ஓட்டணும். அவ்ளோதான்.”

அன்று நான் உன்னைக் கல்நெஞ்சன் என்று திட்டினேன். கூட்டத்தில் அந்த வாக்கியத்தைத்தான், இலக்கணம் திருத்தி, ஆங்கிலத்தில் சொன்னேன்.

நிர்வாகி கிரண் கெட்டிக்காரர். முப்பது வயதைத் தாண்டியிருக்கமாட்டார். எதிரில் இருப்பவரை அங்கிள் என்று அழைத்தபிறகு அவரை எதுவும் செய்யலாம் என்று நம்புகிறவர். பூங்காவின் நிலம் குத்தகை நிலம். பழைய விளையாட்டு ஒன்றை அகற்றுவதானால் சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கவேண்டும் என்று குத்தகையில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மக்கள் ராட்டினம் வேண்டும் என்று சொல்லிவிட்டால் சிக்கல். ஆனால் ராட்டினம் ஆபத்தானது என்று நிறுவிவிட்டால் யாரும் வாய் திறக்கமுடியாது. ஆகவே ஒரு பாதுகாப்பு அறிக்கை தயாராயிற்று.

அந்த அறிக்கையின் நகலை வாசல் பலகையில் நான் படித்தேன். நின்றபடி, வெயிலில், முழுவதும் படித்தேன். ராட்டினத்தின் பிரேக் நாள்தோறும் செயலிழந்து வந்தது என்று அது சொன்னது. அதற்குச் சான்று, ராட்டினத்தை இயக்கி வந்த ஏழுமலை தன் கைப்பட எழுதிய தினப் பதிவேடு. பிரேக் வேலை செய்யவில்லை என்று ஒவ்வொரு நாளும் எழுதிவைத்துவிட்டு, அதே மனிதர் மறுநாளும் குழந்தைகளை ஏற்றிச் சுற்றவிட்டிருக்கிறார் என்று அது சொன்னது. ‘அலட்சியம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியிருந்தார்கள். நீ இறந்துவிட்டதால் உன்மீது நடவடிக்கை எடுக்க இயலவில்லை என்று வருத்தமும் தெரிவித்திருந்தார்கள்.

நீ நோட்டில் ஏதோ குறிப்பதைப் பார்த்திருக்கிறேன்; அது பதிவேடு என்பதே எனக்குத் தெரியாது. அறிக்கையின் பின்னிணைப்பில் உன் எழுத்தைப் பார்த்தேன். அந்த நெட்டெழுத்து, ‘று’வின் வாலை அடுத்த வரிவரை இழுத்துவிடும் அந்தக் கை. பக்கத்துக்குப் பக்கம், தேதிக்குக் கீழே, ஒரே வரி:

‘இன்று பிரேக் பிடிக்கவில்லை.’

அதற்குக் கீழே ஆங்கில மொழிபெயர்ப்பு: இன்று பிரேக் செயலிழந்தது. அதற்கும் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு. மேற்படி மொழிபெயர்ப்பு, தமிழறிந்த கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்க்கப்பட்டது.

அண்ணா, அந்தப் பேராசிரியர் நான்தான்.

அறிக்கை ஒட்டப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம், மாரெட்பள்ளியில் மெக்கானிக் கடையில் நின்றிருந்தேன். என் ஸ்கூட்டரின் பிரேக் தளர்ந்து போயிருந்தது. மொபைல் அடித்தது. ஒரு பெண் குரல், கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்.

“சார், தமிழ்ச் சங்கத்துல உங்க நம்பர் குடுத்தாங்க. கச்சிபௌலில இருந்து பேசறனுங்க. ஒரு சின்ன டவுட்டு. ‘பிரேக் பிடிக்கவில்லை’ன்னா பிரேக் ஃபெயில் ஆயிருச்சுன்னுதானுங்களே அர்த்தம்?”

“வேற என்னம்மா அர்த்தம் இருக்க முடியும்? இப்ப என் வண்டிக்கும் அதே கதிதான்” என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். எந்த வாக்கியம், எங்கே இருக்கிறது, யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை. வகுப்பில் ஒரு மாணவன் அலகு குறிப்பிடாமல் விடை எழுதினால் பூஜ்யம் போடுகிறவன், இடம் பொருள் கேட்காமல் விடை சொன்னேன். மெக்கானிக் கம்பியை முறுக்கி முடிப்பதற்குள் உன் பெயரை முடித்துவிட்டேன்.

அந்தப் பெண்மீது எனக்குக் கோபமில்லை. நிர்வாகம் அந்த ஒரு வரிக்கு மட்டும் அவளிடம் பொருள் கேட்டிருந்தது; அவள் ஐயம் வந்தபோது என்னைக் கேட்டாள். ஐயமே வராமல் சொன்னவன் நான்.

ஆனால் கோபத்துக்கு உரியவர்கள் இல்லாமல் போய்விடவில்லை. பின்னிணைப்பை மறுபடி படித்தேன். நாற்பது பக்கங்களுக்கு நடுவே வேறொரு வரி இருந்தது. ‘இன்று ஒரு முறை பிரேக் பிடித்தேன். ஒரு அம்மாவின் முந்தானை வெளியே பறந்தது.’ அதன் மொழிபெயர்ப்பு: இன்று பிரேக் ஒரு முறை மட்டும் வேலை செய்தது.

பிடித்தேன். பிடித்தது என்று நீ எழுதவில்லை. தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த எவருக்கும் அந்தத் ‘தேன்’ தெரியும். பிடித்தவன் நீ. பிடிக்கப்பட்டது பிரேக். அந்த வரியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு விகுதியை விழுங்கியிருந்தார்கள், முந்தானையையும் சேர்த்து. அறியாமல் செய்தார்களா, அறிந்தே செய்தார்களா? எனக்கு இன்றுவரை தெரியாது. அறிந்தே செய்திருந்தால் அயோக்கியத்தனம். அறியாமல் செய்திருந்தால், ஒரு மனிதனைக் கொலைகாரனுக்குப் பக்கத்தில் நிறுத்தும் ஆவணத்தை இவ்வளவு சோம்பேறித்தனமாகவா எழுதுவார்கள்? இரண்டில் எதை மன்னிப்பது என்று நீயே சொல்.

அந்த வரியைப் படித்த கணத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. நீ பிரேக்கைத் தொடவேமாட்டாய் என்பது உன் பெருமை. ஒவ்வொரு பெட்டியும் கீழே வரும்போது உள்ளே இருக்கும் முகத்தைப் பார்த்து, இந்த ஊர் உருதுவில் சரியா என்பதற்கு “ஹவ்?” என்று கேட்பாய். “ஹவ்!” என்று கத்தினால் இன்னொரு சுற்று. எந்தப் பிள்ளையாவது “நக்கோ”, வேண்டாம், என்று முனகினால் மோட்டாரை அணைத்துவிடுவாய். அவ்வளவு பெரிய சக்கரம் தானாகத் தளர்ந்து, தளர்ந்து, அந்தப் பிள்ளையின் பெட்டி சரியாக மேடைக்கு நேராக வந்து நிற்கும். எப்போது அணைத்தால் எது எங்கே நிற்கும் என்பது உன் உள்ளங்கைக்குத் தெரியும். பிரேக் லீவரை இழுத்தால் பெட்டி குலுங்கும். குலுங்கினால் பயந்த பிள்ளை இன்னும் பயப்படும். அதனால்தான் ஒவ்வொரு நாளும் கணக்கு முடிப்பதுபோல எழுதிவைத்திருக்கிறாய்: இன்று பிரேக் பிடிக்கவில்லை. இன்று யாரையும் குலுக்கவில்லை.

அந்த வரிகளைத்தான் உனக்கு எதிரான சாட்சியாக்கினார்கள்.

அண்ணியிடம் சொல்லவேண்டியிருந்தது. நான் போவதற்கு முன்பே செய்தி போயிருந்தது. போலாரம் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது யாரோ கேட்டிருக்கிறார்கள். அண்ணி பையை மட்டும் எடுத்துக்கொண்டு, மீனை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

“இன்னா தம்பி, அவரு பிரேக்கு இல்லாத வண்டில கொயந்தைங்கள ஏத்தினாராமே? நம்ம பேத்தியக் கூடத்தான ஏத்தினாரு?” என்றார். அது கேள்வியா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் வரியின் உண்மையான பொருளைச் சொன்னேன். பிறகு தொலைபேசியில் வந்த கேள்வியையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

“நீயா சொன்ன?”

“நான்தான் அண்ணி.”

“அப்ப நீயே போயி திருப்பிச் சொல்லு.”

அவ்வளவுதான் பேசினார். நான் படித்த படிப்பு, முப்பதாண்டு வகுப்பறை, எழுதிய கட்டுரைகள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் தலைகுனிந்து நின்றன. அன்றிலிருந்து கூட்டம் நடந்த நாள்வரை அவர் மார்க்கெட்டுக்குப் போகவில்லை.

கூட்டம் மாரெட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. தலைமை, போலாரத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர். இரு தரப்புக்கும் வேண்டாதவர் என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அரங்கம் நிறைந்திருந்தது. கிரண் திரையில் டவரின் படங்களைக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது, அண்ணா. விளக்குகள் எரிய, இரவில் ஒரு வைரக் கம்பம் போல. பிறகு உன் கையெழுத்தைக் காட்டினார். மொழிபெயர்ப்பைக் காட்டினார். அரங்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பிள்ளைகளை மடியில் வைத்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை பேரும் உன் ராட்டினத்தில் ஏறியவர்கள்.

நான் எழுந்தேன். கிரண் புன்னகைத்தார்.

“அங்கிள், உங்க பிரதர். ஐ அண்டர்ஸ்டாண்ட். லேகின் எமோஷன் நக்கோ அங்கிள், இது சேஃப்டி.”

“எமோஷனோடு வரவில்லை. ஒரு திருத்தத்தோடு வந்திருக்கிறேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். “நீங்கள் குறிப்பிட்டிருக்கும் தமிழறிந்த பேராசிரியர் நான். நான் சொன்ன பொருள் தவறு. இந்தப் பதிவேட்டை எழுதியவர் என் அண்ணன்; அது யார் எழுதியது என்று அன்று உங்கள் தரப்பும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.”

புன்னகை கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. அதை ரசித்தேன் என்பதை மறைக்கமாட்டேன்.

பிறகு விளக்கத் தொடங்கினேன். தமிழில் உடன்பாட்டு வினை ஆளைக் காட்டும்; பிடித்தேன் என்றால் நான், பிடித்தது என்றால் அது. எதிர்மறைக்கு வந்தால் ஆள் மறைந்துவிடுவார். நான் பிடிக்கவில்லை, அவன் பிடிக்கவில்லை, அது பிடிக்கவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே உருவம்தான். ஆகவே எழுவாய் தொக்கி நிற்கும் இவ்வாக்கியத்தில்... என்று போய்க்கொண்டே இருந்தேன். தமிழர்கள் தலையாட்டினார்கள். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். கர்னல் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ப்ரொஃபஸர் சாப், கிராமர் கிளாஸ் நக்கோ. சீதா போலோ, நேரா சொல்லுங்க. பிரேக் வேலை செஞ்சுதா இல்லையா? ஹவ் ஆர் நக்கோ?”

அரங்கம் சிரித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். உண்மை என் கையில் இருந்தது. அதை ஒரு வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அப்போது கடைசி வரிசையிலிருந்து யாதம்மா எழுந்தாள்.

படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். யாதம்மா அதே பூங்காவில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவள். தெலுங்குக்காரி. நாற்பது வயதிருக்கும். உனக்கு முடியாத நாட்களில் லீவர் பக்கம் நின்று பழகியவள். நீ போனபிறகு ராட்டினத்தை ஓட்டுவது அவள்தான். பூங்காவின் நீலச் சட்டையோடுதான் வந்திருந்தாள். அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் மனிதர் மேடையில் இருந்தார். அவள் எழுந்து நின்றபோது அவள் எதைப் பணயம் வைத்தாள் என்பது அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“சார், அன்ன ராசிந்தி ‘பிரேக் படலேது’ அனி காது” என்றாள். “‘பிரேக் வெய்யலேது’ அனி.”

அவ்வளவுதான். தெலுங்கில் பிரேக் விழாவிட்டால் ‘படலேது’, பிரேக் போடாவிட்டால் ‘வெய்யலேது’; அண்ணன் எழுதியது முன்னது இல்லை, பின்னதுதான் என்றாள். நம் மொழி ஒரே போர்வையில் போர்த்திவைத்ததை அந்த மொழி இரண்டு ஆட்களாக எழுப்பி உட்காரவைத்துவிட்டது. நான் பத்து நிமிடம் எடுத்தும் முடியாததை அவள் ஒரு மூச்சில் முடித்தாள். “ஆ...” என்று ஒரு பெரிய சத்தம் எழுந்தது.

“உனக்கெப்படித் தெரியும்?” என்று கர்னல் தெலுங்கில் கேட்டார்.

“நானும்தானே சார் எழுதுகிறேன். அண்ணா என்ன எழுதுகிறார் என்று கேட்டேன், சொன்னார். அவர் போனபிறகு அதே நோட்டில், அதே மாதிரி, தெலுங்கில் எழுதுகிறேன். ‘ஈ ரோஜு பிரேக் வெய்யலேது.’ பின்னால் முப்பது பக்கம் இருக்கிறது. பாருங்கள்.”

எனக்கு இது தெரியாது, அண்ணா. அதே நோட்டு! நீ நிறுத்திய பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து அவள் எழுதியிருக்கிறாள். உன் தமிழுக்குத் துல்லியமான மொழிபெயர்ப்பு, அதே அட்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதற்காகக் கச்சிபௌலிக்கும் போகவேண்டாம், எனக்கும் தொலைபேசவேண்டாம்.

கர்னல் அறிக்கையைப் புரட்டினார். முன்னும் பின்னும் இரண்டு முறை புரட்டினார்.

“இதில் அந்தத் தெலுங்குப் பக்கங்கள் எங்கே?”

“அது ரெலவன்ட் இல்லைன்னு...” என்றார் கிரண்.

“இந்த அரங்கத்தில் முக்கால்வாசிப் பேர் படிக்கக்கூடிய பக்கங்கள் ரெலவன்ட் இல்லை. ஒரு சிலர் மட்டும் படிக்கக்கூடிய பக்கங்கள் ரெலவன்ட்?”

இதை நான் கேட்கவில்லை. கர்னல்தான் கேட்டார். நான் கேட்டிருந்தால் இவ்வளவு மரியாதையாகக் கேட்டிருக்கமாட்டேன். உயிரோடு இருப்பவள் எழுதியதை விட்டுவிட்டு இறந்தவன் எழுதியதை மட்டும் எடுத்தார்கள். இறந்தவன் எழுந்து வந்து அர்த்தம் சொல்லமாட்டான் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குத்தான் பாதுகாப்பு அறிக்கை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கிரண் விடவில்லை. “ஓகே அங்கிள், வார்த்தை விஷயம் விடுங்க. மெஷின் ஓல்டு. ஐடி பசங்க ஏறமாட்டாங்க. கைக்கு, எதுக்கு இதப் பிடிச்சுத் தொங்கறீங்க?”

இங்கேதான் நான் சொல்லவந்ததைச் சொன்னேன். பழையது என்பது ஒரு தகுதி இல்லை. அது குற்றமும் இல்லை. உங்கள் டவரை நான் எதிர்க்கவில்லை. அதில் ஏற விரும்பும் பிள்ளைகள் ஏறட்டும். ஆனால் அதன் வாசலில் உயரம் அளக்கும் கோடு ஒன்று இருக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் குழந்தை ஏறமுடியாது. நெஞ்சு பலவீனமானவர், முதுகு வலிக்காரர், கர்ப்பிணி, யாரும் ஏறமுடியாது. ராட்டினத்தில் ஒரு குடும்பம் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மேலே போகிறது. டவரில் எல்லோரும் ஒரே திசையில் வெட்டவெளியைப் பார்த்துத் தனித்தனியாக விழுகிறார்கள். இரண்டும் வேறு வேறு இன்பங்கள். ஒன்றுக்கு இடம் வேண்டுமென்றால் கேளுங்கள், தேடித் தருவோம். இன்னொன்றின் பெயரைக் கெடுத்து இடம் பிடிக்காதீர்கள். ராட்டினம் தேய்ந்திருந்தால் இறக்குங்கள். தேய்ந்ததா என்று முதலில் போய்ப் பாருங்கள்.

“பார்ப்போம்” என்று கர்னல் எழுந்துவிட்டார். “இப்போதே.”

அரங்கத்தில் பாதிப் பேர் ஆட்டோவிலும் ஸ்கூட்டரிலும் பூங்காவுக்குக் கிளம்பினோம். ஊர்வலம் போல இருந்தது. கர்னல் மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பிரேக்கின் மூடியைக் கழற்றச் சொன்னார். முதலில் காலி ராட்டினத்தைச் சுற்றவிட்டு, யாதம்மாவை லீவரை இழுக்கச் சொன்னார். அவள் இழுக்க மனமில்லாமல் இழுத்தாள். அத்தனை பெட்டிகளும் ஒரு சேரக் குலுங்கி, கிறீச்சிட்டு, சக்கரம் அப்படியே உறைந்து நின்றது. அந்தச் சத்தத்தை அங்கே யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. நான் கேட்டதில்லை.

பிறகு கர்னல் குனிந்து பிரேக் கட்டையை டார்ச் அடித்துப் பார்த்தார். விரலால் தடவினார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். கட்டையின் ஓரத்தில் தொழிற்சாலையில் பூசிய சிவப்புப் பெயின்ட் இன்னும் இருந்தது.

“எத்தனை வருஷக் கட்டை இது?” என்று கேட்டார்.

“ராட்டினத்தோடு வந்தது சார். மாற்றினதே இல்லை” என்றான் மெக்கானிக். “மாற்றுகிற மாதிரி தேயவே இல்லை.”

கர்னல் நிமிர்ந்து கிரணைப் பார்த்தார். பக்கம் பக்கமாக எழுதியிருந்த உன் வாக்குமூலத்தை அந்த இரும்புக்கட்டையும் ஒரு வரி மாறாமல் சொல்லிற்று. நாங்கள் எல்லோரும் மொழியைப் பிடித்துக்கொண்டு அடித்துக்கொண்டோம். நீ இருந்திருந்தால் முதல் நாளே மூடியைக் கழற்றிக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாய்.

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். சிவப்புப் பெயின்டுக்குக் கை தட்டும் கூட்டத்தை இந்த நகரம் அதற்கு முன் பார்த்திருக்காது. நான் தட்டவில்லை. என் கை அந்தக் கட்டையின் மேலேயே இருந்தது.

முடிவு எழுத்தில் வந்தது. ராட்டினம் அதே இடத்தில் இருக்கும். ஆண்டுதோறும் வெளியார் வந்து பரிசோதிப்பார்கள். டவர் வாகன நிறுத்தத்தின் மேற்கு மூலைக்கு வரும். அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. யாதம்மாவின் வேலைக்கு எந்தக் கேடும் வராது என்று கர்னல் தனியாக ஒரு வரி எழுதவைத்தார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். பழி எந்தப் பலகையில் ஒட்டப்பட்டதோ அதே பலகையில், அதே அளவு எழுத்தில், திருத்தம் ஒட்டப்படவேண்டும். தெலுங்கிலும், ஆங்கிலத்திலும், தமிழிலும்.

கிரண் நேரில் வந்து சந்தித்தார். “அங்கிள், ஒரு ஸாரி போதாதா? கைக்கு போர்டு கீர்டு?” என்றார்.

“பழியைக் காதில் சொல்லியிருந்தால் ஸாரியையும் காதில் வாங்கிக்கொண்டிருப்பேன்” என்றேன்.

தமிழ் வாசகத்தை நான்தான் எழுதினேன். ‘ஏழுமலை அவர்கள் இந்த ராட்டினத்தை இயக்கிய காலமெல்லாம் அதன் பிரேக் நல்ல நிலையில் இருந்தது. அதைப் பயன்படுத்தும் தேவை வராதபடி அவர் அதை இயக்கினார். அவர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு பொய்.’ ‘தவறு’ என்று போடலாமே என்று கெஞ்சினார்கள். பொய் என்பது இரண்டே எழுத்து. பலகையில் இடம் மிச்சமாகும் என்றேன்.

திருத்தம் ஒட்டிய மறுநாள் காலையில் அண்ணி என்னை வரச்சொன்னார். போலாரம் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார். எல்லாக் கடைகளிலும் நின்றார், ஒன்றுமே வாங்காமல். மீன் கடையில் மட்டும் பெரிய மீனாகக் கேட்டார். கடைக்காரம்மா தமிழ் தெரிந்தவள். தயங்கித் தயங்கி, “போர்டு பாத்தேங்க்கா” என்றாள்.

“பாத்தல்ல? அப்ப தலைய நல்லா சுத்தம் பண்ணிக் குடு” என்றார் அண்ணி. அவ்வளவு நிமிர்ந்து நடந்து நான் அவரைப் பார்த்ததில்லை. பையை நான்தான் தூக்கிவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ராட்டினம் ஓடியபோது வரிசை வாசல்வரை வந்துவிட்டது. கம்பெனிப் பேருந்துகளிலிருந்து இறங்கிய பிள்ளைகளும் நின்றார்கள், செய்தி பரவியிருந்தது. அவர்களில் ஒருத்தி என்னிடம் வந்து, “சார், அன்னிக்கு ஃபோன் பண்ணது நானுங்க” என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். தப்பு என்னுடையது என்று சொல்லி அவளை வரிசைக்கு அனுப்பினேன். அவள் மேலே போய், கீழே வந்து, இன்னொரு சுற்று கேட்டாள்.

ஒரு கேள்வி மட்டும் எனக்கு மிச்சம் இருக்கிறது. எத்தனையோ மாலைகள் அந்த மேட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து அரசியலும் கிரிக்கெட்டும் பேசினேனே, ஒரு முறையாவது நீ நோட்டில் என்ன எழுதுகிறாய் என்று ஏன் கேட்கவில்லை? யாதம்மாவுக்குக் கேட்கத் தோன்றியது. எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக ஒரு வாக்கு, அண்ணா. அந்த ராட்டினம் என்றென்றும் இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன்; சொன்னால் நீயே சிரிப்பாய். ஒவ்வோர் ஆண்டும் பரிசோதனை நாளில் நான் அங்கே போய் நிற்பேன். அச்சு தேய்ந்துவிட்டது என்று பரிசோதகர் என்றைக்குச் சொல்கிறாரோ, அன்றைக்கு அதை இறக்கும் தாளில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். அழமாட்டேன். ஆனால் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திடுவேன். அங்கே ‘இரும்பு தேய்ந்தது’ என்று இருக்கவேண்டும். ஓட்டியவன் பெயர் இருக்கக்கூடாது.

உனக்கு அடுத்துப் பிறந்தவன்,
சம்பத்
மாரெட்பள்ளி